அம்ரிதா ஷெர்கில் ஓவியங்களை எப்படிப் பார்ப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓவியக் கல்லூரி மாணவர்கள், புதிதாக ஓவியம் பார்க்கத் தொடங்கியவர்கள், ஏதோ ஓர் அச்சுப் படத்தில் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு விடாமல் தேடுகிறவர்கள் என்று பலரும் அம்ரிதா ஷெர்கிலைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் இவை. அவருடைய நடை எப்படி உருவானது, எங்கே திரும்பியது, எதைக் கைவிட்டது என்பதைத்தான் இந்தப் பதில்கள் பின்தொடர்கின்றன. வாழ்க்கைக் கதை தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

சுருக்கமாக, இவர் யார்?

1913 ஜனவரி 30 அன்று புடாபெஸ்டில் பிறந்தவர். தந்தை உம்ராவ் சிங் ஷெர்கில், பஞ்சாபின் மஜீதியா குடும்பத்தைச் சேர்ந்த அறிஞர், நல்ல புகைப்படக்காரரும்கூட. தாய் மரி அந்துவானெத், ஹங்கேரியப் பாடகி. 1921இல் குடும்பம் சிம்லாவுக்கு வந்தது. 1929இல் ஓவியம் படிக்கப் பாரிஸ் போனார். 1934 இறுதியில் இந்தியா திரும்பினார். 1941 டிசம்பர் 5 அன்று லாகூரில் இறந்தபோது வயது 28.

பத்தாண்டு கூட முழுமையாக வரையாதவரிடம் 'வளர்ச்சி' என்று பேச என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. அறுபது ஆண்டுகள் வரைந்தவர்களிடம் இல்லாத அளவுக்கு இருக்கிறது என்றே சொல்வேன்.

அவரை மேற்கிலிருந்து கிழக்குக்கு வந்தவர், பாரிஸில் கற்று இந்தியாவில் வேர்விட்டவர் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவது வழக்கம். தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் ஓவியத்தின் முன்னால் நிற்கும்போது அந்த வாக்கியம் எதற்கும் உதவாது. ஒவ்வொரு கட்டத்திலும் அவர் எதை விட்டார் என்று கேட்டுப் பாருங்கள், படங்கள் திறந்துகொள்ளும். பாரிஸில் பதக்கம் வாங்கித் தந்த ஒளி-நிழல் திறமையை இந்தியா வந்ததும் விட்டார். 1935இன் பெரிய, தனித்த, சோகமான உருவங்கள் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன. அவற்றையும் இரண்டே ஆண்டுகளில் கடந்தார். தென்னிந்தியப் படங்களின் கம்பீரத்தைப் பாராட்டுகிறவர்கள் பாராட்டிக்கொண்டிருக்கும்போதே சின்னச் சின்ன உருவங்கள் உலவும் பச்சை வெளிகளுக்குப் போய்விட்டார். கைதட்டல் கிடைத்த இடத்தில் அவர் தங்கவே இல்லை.

பாரிஸ் காலப் படங்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் அவருடைய பயிற்சியை. கிராந்த் ஷோமியேர் பயிலகத்திலும், பிறகு எக்கோல் தே பொசார் கல்லூரியில் லூசியன் சிமோனிடமும் கற்றார். மாடலை எதிரில் நிறுத்தி எண்ணெய் வண்ணத்தில் உடம்பை உருட்டித் திரட்டிக் காட்டும் பயிற்சி அது. தோள் எங்கே வளைகிறது, தோலின் மேல் ஒளி எப்படி வழுக்கிப் போகிறது என்பதெல்லாம் அவருக்கு இருபது வயதுக்குள் கைவந்துவிட்டன.

1932இல் வரைந்த 'இளம்பெண்கள்' இதற்கு நல்ல சான்று. 1933இல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. அம்ரிதா அந்த அமைப்பின் இணை உறுப்பினராகவும் ஆனார். இரண்டு பெண்கள் எதிரெதிரே அமர்ந்திருக்கிறார்கள். ஒருத்தி தங்கை இந்திரா, நாகரிக ஐரோப்பிய உடையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். மற்றவள் பாதி உடையில். அவிழ்ந்து விழுந்த கூந்தல் அவள் முகத்தை மறைத்துவிடுகிறது. இரண்டு பெண்களும் அம்ரிதாவின் இரண்டு பாதிகள் என்று விளக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த விளக்கத்தைவிட மறைந்த முகம் முக்கியம். முகத்தைக் காட்டாமலே ஒரு மனநிலையைச் சொல்லிவிட முடியும் என்று அவர் இங்கேயே கண்டுகொண்டார். பின்னாளில் குனிந்த தலைகளாகவும் திரும்பிய முதுகுகளாகவும் இது மீண்டும் மீண்டும் வரும்.

1933ஆம் ஆண்டின் 'தொழில்முறை மாடல்' படத்தையும் தேடிப் பாருங்கள். தளர்ந்து, மெலிந்து, சோர்ந்த ஒரு பெண்ணின் உடல். கல்லூரிகளில் நிர்வாண ஓவியம் என்றால் வழுவழுப்பான அழகு என்றிருந்த சூழலில், பிழைப்புக்காக மணிக்கணக்கில் அசையாமல் உட்காரும் ஒருத்தியின் களைப்பை அவர் வரைந்தார். இந்தியா வந்த பிறகுதான் அவருக்கு மனிதர்கள் மேல் பரிவு வந்தது என்கிறவர்கள் இந்தப் படத்துக்கு என்ன பதில் சொல்வார்கள்?

அவர் பிரெஞ்சு ஓவியர் கோகேனைப் பின்பற்றியவர்தானே?

பின்பற்றினார், மறைக்கவும் இல்லை. 1934இல் தாஹிதிப் பெண்ணாகத் தன்னையே வரைந்துகொண்ட தன்னுருவ ஓவியம் கோகேனை நேருக்கு நேர் சந்திக்கும் படம். கோகேன் தென்கடல் தீவுப் பெண்களை வரைந்த அதே தோரணையில், திறந்த மார்போடு, பக்கவாட்டில் பார்த்தபடி அம்ரிதா நிற்கிறார். பின்னால் ஓர் ஆணின் நிழல் விழுகிறது.

அந்த நிழலை விட்டுவிட்டு இந்தப் படத்தைப் பேச முடியாது. வரையப்படும் உடம்பும் வரைகிற கையும் இங்கே ஒருவருடையவையே. பார்க்கிற ஆண் நிழலாக மட்டும் இருக்கிறான். கோகேனின் படங்களில் ஒருபோதும் நடக்காத காரியம் இது. வண்ணத்தைத் தட்டையாகப் பூசும் முறையையும் உருவத்தை எளிமையாக்கும் முறையையும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார். பார்வையின் அதிகாரத்தை அவரிடமே விட்டுவைக்கவில்லை.

1935இல் அப்படி என்ன மாறியது?

உடம்பைத் திரட்டிக் காட்டிய ஒளி-நிழல் போய்விட்டது. 'மூன்று பெண்கள்' படத்தைப் பாருங்கள். மூன்று பஞ்சாபிப் பெண்கள் ஒருவரை ஒருவர் ஒட்டி இருக்கிறார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை; நம்மையும் பார்க்கவில்லை. கண்கள் தாழ்ந்திருக்கின்றன. பின்புலத்தில் அறை இல்லை, சன்னல் இல்லை, இடத்தைச் சொல்லும் ஒரு பொருளும் இல்லை. பாரிஸ் படங்களில் உடம்பைத் திரட்டிக் காட்டிய வேலையை இங்கே உடையின் அகன்ற வண்ணப் பரப்பும் அதைச் சூழும் கோடும் செய்கின்றன. 1937இல் பம்பாய் ஓவியக் கழகம் இதற்குத் தங்கப் பதக்கம் அளித்தது.

அதே ஆண்டின் 'மலைப் பெண்கள்', 'மலை ஆண்கள்' படங்களும் இதே திசையில் போகின்றன. மெலிந்து நீண்ட உருவங்கள், பெரிய கண்கள், அசைவின்மை. 'மலைப் பெண்கள்' 1978இல் இந்திய அஞ்சல்தலையாக வெளிவந்தது. பலருக்கு அம்ரிதா அறிமுகமானது அந்த அஞ்சல்தலை வழியாகத்தான்.

இந்தக் கட்டத்தைப் பற்றி என் கருத்து: அழகானது, ஆனால் அபாயமானது. எல்லோரும் ஒரே சோகத்தில் உறைந்திருக்கிறார்கள். சிம்லாவின் மலைவாசிக்குச் சிரிப்பே வராதா? சிம்லாவில் வசதியான வீட்டிலிருந்து பார்த்த ஓர் இளம்பெண்ணின் இரக்கம் இந்தப் படங்களில் சற்றுத் தூக்கலாகவே தெரிகிறது. இங்கேயே நின்றிருந்தால் 'ஏழை இந்தியாவின் சோகத்தை வரைந்தவர்' என்ற சிமிழுக்குள் அவர் அடைபட்டுப் போயிருப்பார்.

அவரை அங்கிருந்து வெளியே கொண்டுவந்தது எது?

தென்னிந்தியப் பயணம். 1936 இறுதியில் பம்பாயில் கண்காட்சி முடித்து, அஜந்தாவையும் எல்லோராவையும் பார்த்துவிட்டு, ஹைதராபாத் வழியாகத் தெற்கே இறங்கினார். திருவனந்தபுரம், கன்னியாகுமரி, கொச்சி என்று 1937இன் தொடக்கம் வரை நீண்டது பயணம்.

அஜந்தா அவருக்கு ஏற்கெனவே ஒரு கனவு. ஐரோப்பாவுக்குப் போகாமல் இருந்திருந்தால் அஜந்தாவின் ஒரு சுவரோவியமோ, பாரிஸின் கீமே அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு சிறு சிற்பமோ ஐரோப்பிய மறுமலர்ச்சி முழுவதையும்விட மேலானது என்று தனக்குத் தெரிந்தே இருக்காது என்று 1934இலேயே கடிதம் எழுதியவர். நேரில் பார்த்தபோது அந்தக் கனவுக்கு இலக்கணம் கிடைத்தது. அஜந்தாவில் உருவங்கள் இருண்ட செம்பழுப்பிலிருந்து மெல்ல எழுந்து வரும். ஒரே இடத்தில் நின்று பார்ப்பவனுக்காக அமைக்கப்பட்ட கோணம் அங்கே கிடையாது. கண் ஒரு குழுவிலிருந்து அடுத்த குழுவுக்கு நகர்ந்துகொண்டே போகும். உருவங்கள் நகைகளோடும் துணிகளோடும் இருந்தாலும் அவற்றைத் தாங்குவது கோடு.

கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்கள் வேறொரு பாடம். இடைவெளியே விடாமல் உருவங்கள் நெருக்கியடித்து நிற்கும் சுவர்கள் அவை. அம்ரிதா அங்கே உட்கார்ந்து அவற்றைப் பார்த்து வரைந்து பயின்றார். பாரிஸ் பட்டதாரி, பதக்கம் பெற்றவர், மறுபடி மாணவியாகிச் சுவரைப் பார்த்துப் பிரதி எடுத்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

'தென்னிந்திய முப்படங்கள்' என்று எதைச் சொல்கிறார்கள்? அவற்றை எப்படிப் பார்ப்பது?

'மணமகள் அலங்காரம்', 'பிரம்மச்சாரிகள்', 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்' ஆகிய மூன்றும். மூன்றும் 1937இல் வரையப்பட்டவை. தெற்கில் பார்த்ததை அங்கேயே வரைந்து முடித்துவிடவில்லை. சிம்லாவுக்குத் திரும்பிய பிறகு, நினைவிலிருந்து கட்டி எழுப்பினார். அதனால்தான் அவற்றில் பயணக் குறிப்பின் அவசரம் இல்லை.

'பிரம்மச்சாரிகள்' படத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து இளைஞர்கள் தரையில் அமர்ந்திருக்கிறார்கள். மேலுடம்பில் பூணூல், இடுப்பில் வெள்ளை வேட்டி, பின்னால் செம்மண்ணின் நிறம். இவ்வளவுதான் படம். கதை எதுவும் நடக்கவில்லை. முதலில் வெள்ளையை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு வேட்டியின் வெள்ளையும் வேறு. ஒன்று சாம்பல் கலந்தது, இன்னொன்று மஞ்சள் தோய்ந்தது. மடிப்பில் வேறு நிறங்கள் ஒளிந்திருக்கும். பிறகு உடம்பின் பழுப்பைப் பாருங்கள். அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். இந்த இரண்டு வரிசைகளும் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போவதுதான் படத்தின் அமைப்பு. உருவங்களுக்கு இடையிலான இடைவெளிகள் உருவங்களைப் போலவே கவனமாக வரையப்பட்டிருக்கின்றன. முழங்காலுக்கும் முழங்கைக்கும் நடுவே தெரியும் ஒரு சிறு செந்துண்டு அங்கே தற்செயலாக இல்லை. அதை விரலால் மறைத்துப் பார்த்தால் அந்தப் பகுதியே சரிந்துவிடும்.

சோகம் இருக்கிறதா? ஓர் அமைதி இருக்கிறது. 1935இன் இரக்கம் இங்கே இல்லை. இந்த இளைஞர்கள் நம் அனுதாபத்தைக் கேட்கவில்லை. அவர்களுக்கு அவர்களுடைய வேலை இருக்கிறது.

'மணமகள் அலங்காரம்' படத்தில் நடுவில் வெளிறிய நிறமுடைய மணப்பெண். சுற்றிலும் கருநிறப் பெண்களும் பிள்ளைகளும். மணப்பெண்ணின் உள்ளங்கைகளில் மருதாணிச் சிவப்பு. கண் அந்தக் கைகளுக்குத்தான் முதலில் போகும், எங்கே சுற்றினாலும் அங்கேதான் திரும்பும். கல்யாண வீட்டின் பரபரப்பு எதுவும் இல்லை; சடங்கின் நிதானம் மட்டும்.

மூன்றாவது படத்தில் கரிய, நெடிய உருவங்கள் தூண்களைப் போல நிற்கின்றன. பெயரில் 'செல்லும்' என்று இருந்தாலும் யாரும் நடப்பதாகத் தெரியவில்லை. மூன்றில் இதுவே எனக்குச் சற்று விறைப்பாகத் தோன்றுவது. ஆனால் கருந்தோலின் மேல் அவர் கொண்டுவந்திருக்கும் நிறங்களைக் கவனியுங்கள். கறுப்பு என்று ஒதுக்கிவிடாமல் அதற்குள் நீலமும் செம்மையும் தேடியிருக்கிறார்.

மணப்பெண் மட்டும் ஏன் வெளுப்பாக இருக்கிறாள்? இது நிறவேற்றுமைப் பார்வை இல்லையா?

நியாயமான கேள்வி. கட்டமைப்பின்படி பதில் உண்டு: சுற்றியுள்ள கருமைக்கு நடுவே கண்ணை நிறுத்த ஒரு வெளிச்சப் புள்ளி தேவைப்பட்டது. ஆனால் அந்த வெளிச்சத்தை மணப்பெண்ணுக்குக் கொடுத்து, பணிசெய்யும் பெண்களைக் கருமையில் வைத்தது வெறும் வண்ணக் கணக்கு என்று நான் வாதிட மாட்டேன். சமூகத்தில் இருந்த படிநிலையை அவர் பார்த்தபடியே வைத்தார், அதைக் கேள்வி கேட்கவில்லை. நிலவுடைமைக் குடும்பத்துப் பெண், தெற்கில் வந்து போன பயணி என்ற எல்லைகள் அவருக்கு உண்டு. அதே படத்தில் கருநிறப் பெண்கள்தாம் அதிக கவனத்தோடும் மதிப்போடும் வரையப்பட்டிருக்கிறார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வங்காளப் பள்ளியோடு அவருக்கு ஏன் ஒத்துப்போகவில்லை?

அபனீந்திரநாத் தாகூர் வழிவந்த அந்த ஓவியர்கள் நீர்வண்ணத்தைக் கழுவிக் கழுவி மென்மையாக்கி, புராணத்தையும் பழம்பெருமையையும் வரைந்தார்கள். அம்ரிதா அதை வலுவில்லாத கலை என்று வெளிப்படையாகவே எழுதினார். அவர்களும் அஜந்தாவைத்தான் முன்மாதிரியாகக் கொண்டிருந்தார்கள் என்பதுதான் இதில் வியப்பு. அவர்கள் அஜந்தாவிடமிருந்து நளினத்தை எடுத்தார்கள். இவர் கட்டமைப்பை எடுத்தார். எண்ணெய் வண்ணத்தையும் கடைசிவரை விடவில்லை. 'ஐரோப்பா பிக்காசோவுக்கும் மத்தீஸுக்கும் பிராக்குக்கும் சொந்தம், இந்தியா எனக்கு மட்டுமே சொந்தம்' என்ற பொருளில் அவர் சொன்னது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. இருபது சொச்சம் வயதின் துணிச்சல் அது. அவர் வரைந்ததைப் பார்த்த பிறகு அந்தத் துணிச்சலைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1938இல் ஹங்கேரி போனது பின்னடைவா?

இல்லை. மருத்துவரும் உறவினருமான விக்டர் ஈகனை அங்கே மணந்துகொண்டார், ஓராண்டு தங்கினார். 'ஹங்கேரியச் சந்தை' படத்தில் கறுப்பு உடை அணிந்த மனிதர்கள் வெள்ளைக் கட்டடத்தின் முன் சிறு சிறு உருவங்களாகச் சிதறிக் கிடக்கிறார்கள். பெரிய உருவம் வேண்டாம், பரவிய வெளியும் அதில் பல சிறு உருவங்களும் போதும் என்பதை ஐரோப்பிய மண்ணிலும் சோதித்துப் பார்த்திருக்கிறார். ஊர் மாறியதே தவிர, தேடியது ஒன்றுதான்.

அப்படியானால் அந்த 'சிறு உருவ' மாற்றம் எங்கே தொடங்கியது?

கோரக்பூர் அருகே சராயாவில். அங்கே அவருடைய தந்தைவழிக் குடும்பத்துக்குப் பண்ணையும் சர்க்கரை ஆலையும் இருந்தன. ஹங்கேரிக்குப் போகும் முன் 1938இல் சில படங்களும், திரும்பி வந்து அங்கே குடியேறிய பிறகு 1940இல் பல படங்களும் அந்தச் சூழலிலிருந்து பிறந்தன.

இந்தக் காலத்தில் அவர் முகலாய, ராஜஸ்தானி, பஹாரி சிற்றோவியங்களில் ஊறிப்போயிருந்தார். நண்பரும் கலை விமர்சகருமான கார்ல் கண்டாலாவாலாவோடு அவர் நடத்திய கடிதப் போக்குவரத்தில் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது. குறிப்பாகப் பஹாரி வகைகளில் ஒன்றான பசோலிச் சிற்றோவியங்கள். அங்கே சிவப்பு என்றால் தயக்கமில்லாத சிவப்பு, மஞ்சள் என்றால் சுடும் மஞ்சள். நிலம், சுவர், வானம் எல்லாம் ஒரே தட்டையான நிறப் பட்டைகள். நிறத்தின் மேலுள்ள பசியை அடக்க முடியவில்லை என்று ஒரு கடிதத்தில் அவரே எழுதினார்.

'மகளிர் முற்றத்தில்' (1938) படத்தில் பெண்கள் ஒரு பச்சை வெளியில் சிறு உருவங்களாகக் கூடியிருக்கிறார்கள். அந்தப் பச்சை புல்தரை என்பதைவிட, படம் முழுவதையும் ஏந்தும் தட்டு என்றே சொல்லலாம். 1940இன் 'கட்டிலில் ஓய்வெடுக்கும் பெண்' இன்னும் துணிச்சலானது. சிவப்பு உடையில் ஒருத்தி கயிற்றுக்கட்டிலில் கிடக்கிறாள். பக்கத்தில் ஒரு பெண் விசிறியோடு. கட்டிலின் கால்களும் சிவப்பு. நடுப்பகல் வெக்கை, வெளியே போக முடியாத வாழ்க்கை, சொல்லப்படாத ஏக்கம் எல்லாம் அந்த ஒரு நிறத்துக்குள் இருக்கின்றன. முகம் எதையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. 'மஞ்சள் அரைப்பவர்கள்', 'ஊஞ்சல்', 'பண்டைக் கதைசொல்லி' ஆகியவையும் இதே ஆண்டைச் சேர்ந்தவை.

எல்லோரும் 1937இன் முப்படங்களையே சிகரம் என்பார்கள். நான் 1940ஆம் ஆண்டை அதற்கு மேலே வைப்பேன். முப்படங்களில் அஜந்தாவின் பாடம் தெரிகிறது. சராயாப் படங்களில் பாடம் கரைந்துபோய்விட்டது.

கடைசிப் படம் எப்படிப்பட்டது?

லாகூரில் அவர் குடியிருந்த வீட்டு மாடியிலிருந்து தெரிந்த காட்சி. பக்கத்துப் பால்காரர் வீடுகள், சுவர்கள், கரிய எருமைகள், ஓர் எருமையின் முதுகில் காகம். முடிக்கப்படாத படம். வீடுகள் ஏறக்குறைய வெறும் வண்ணக் கட்டங்களாகிவிட்டன. மனித உருவம் படத்தின் மையம் என்ற நிலை போய்விட்டது. உருவமே இல்லாத முழு அருவ ஓவியத்துக்குப் போயிருப்பாரா என்று பலர் கேட்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த எருமைகளின் கனம் கண்ணால் பார்த்த கனம்.

அவருடைய மரணத்தை வைத்துப் படங்களை விளக்கலாமா?

வேண்டாம். திடீரென நோயுற்றுச் சில நாட்களில் இறந்தார். லாகூரில் அவருடைய கண்காட்சிக்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. சாவை முன்னுணர்ந்த ஓவியங்கள் என்று எழுதுவது, புதிய நிறங்களைக் கண்டு உற்சாகத்தில் இருந்த ஒரு ஓவியருக்குச் செய்யும் அநீதி.

'இந்தியாவின் ஃப்ரீடா காலோ' என்கிறார்களே?

மெக்சிகோ ஓவியர் காலோவும் இவரும் பெண்கள், தன்னுருவ ஓவியங்கள் வரைந்தவர்கள், ஐரோப்பியக் கலப்புடைய குடும்பத்தினர். ஒப்பீடு அதோடு தீர்ந்தது. காலோவின் ஓவியத்துக்கு அவருடைய உடலும் வலியும் மையம். அம்ரிதா இந்தியா வந்த பிறகு தன்னை வரைவதையே பெரும்பாலும் விட்டுவிட்டார்.

தமிழர்களோடு அவருக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

தென்னிந்தியப் பயணம் தவிர, குடும்ப வழியில் ஒன்று உண்டு. தங்கை இந்திரா மணந்தது இந்தியாவின் இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த கே. வி. கே. சுந்தரத்தை. அவர்களுடைய மகன் விவான் சுந்தரம் (1943-2023) தானே முக்கியமான ஓவியர், பொருள்களை ஓரிடத்தில் அமைத்துக் காட்டும் நிறுவல் கலைஞர். பெரியம்மாவின் கடிதங்களைத் தொகுத்துப் பதிப்பித்தவர் அவர்தான். தாத்தா உம்ராவ் சிங் எடுத்த குடும்பப் புகைப்படங்களைக் கணினியில் ஒன்றோடொன்று இணைத்து ஒரு படவரிசையும் உருவாக்கினார். இன்று அம்ரிதாவைப் பற்றி ஆதாரத்தோடு பேச முடிவதற்கு அவருடைய உழைப்பு பெரிய காரணம்.

ஏலத்தில் கோடிக்கணக்கில் போகிறதே, ஏன்?

1976இல் இந்திய அரசு அவருடைய படைப்புகளைத் தேசியக் கலைச் செல்வமாக அறிவித்தது. இந்தியாவில் உள்ளவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அவர் வரைந்தவையும் குறைவு, அவற்றில் பெரும்பகுதி அரசிடம் இருக்கிறது. தனியார் கையிலிருந்து அபூர்வமாக ஒன்று வரும்போது விலை ஏறுகிறது. 1937இன் 'கதைசொல்லி' 2023 செப்டம்பரில் 61.8 கோடி ரூபாய்க்கு விற்றது. விலைக்கும் தரத்துக்கும் சம்பந்தம் தேடத் தேவையில்லை.

ஒரு மாணவர் அவருடைய நடையை ஆராய எங்கிருந்து தொடங்கலாம்?

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எழுத முயலாதீர்கள். ஒரே ஓர் அம்சத்தை எடுத்துக்கொண்டு 1932 முதல் 1941 வரை பின்தொடருங்கள். கைகள் நல்ல தேர்வு. பாரிஸ் படங்களில் எலும்பும் நரம்பும் தெரியும் கைகள், 1935இல் மடியில் செயலற்றுக் கிடக்கும் கைகள், 'மணமகள் அலங்கார'த்தில் சிவந்த கைகள், 1940இல் வேலை செய்யும் சின்னக் கைகள். வெள்ளை நிறத்தையும் இப்படித் தொடரலாம். தரை எங்கே முடிந்து சுவர் எங்கே தொடங்குகிறது என்பதையும் தொடரலாம். அந்தக் கோடு ஆண்டுக்கு ஆண்டு மங்கிப் போவதைப் பார்ப்பீர்கள். கடிதங்களைப் படத்துக்குப் பிறகு படியுங்கள். அவர் நன்றாக எழுதக்கூடியவர்; முதலில் படித்துவிட்டால் அவர் சொன்னதையே படத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

நேரில் எங்கே பார்க்கலாம்?

புதுடெல்லியில், இந்தியா கேட் அருகே ஜெய்ப்பூர் மாளிகையில் இயங்கும் தேசிய நவீன ஓவியக்கூடத்தில்தான் அவருடைய மிகப் பெரிய தொகுப்பு இருக்கிறது. போவதற்கு முன் எந்தப் படங்கள் காட்சியில் இருக்கின்றன என்று விசாரித்துக்கொள்ளுங்கள். எல்லாமே எப்போதும் சுவரில் இருப்பதில்லை. கைப்பேசித் திரையிலும் அச்சிலும் அவருடைய சிவப்பு ஆரஞ்சாகவோ பழுப்பாகவோ மாறிவிடுகிறது. அளவும் ஏமாற்றும்: 'பிரம்மச்சாரிகள்' ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அகலம். முதலில் பத்தடி தள்ளி நின்று பாருங்கள், பிறகு வேட்டியின் மடிப்புகள் தெரியும் தூரத்துக்கு நெருங்குங்கள்.